தைலசின் மூளை: ஜாடியிலிருந்து எம்.ஆர்.ஐ. வரை ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில், போமரிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1936 செப்டம்பர் 7 அன்று ஒரு தைலசின் இறந்தது. அதன் பிறகு உயிருள்ள தைலசின் ஒன்று இருந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. முதுகில் கறுப்பு வரி, நாயின் தலை, வயிற்றில் பை: 'டாஸ்மேனியப் புலி' என்று அழைக்கப்பட்ட இந்த ஊனுண்ணி, ஆட்டு மந்தைகளைக் கொல்கிறது என்று பழி சுமத்தப்பட்டு வேட்டையாடப்பட்டது. 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசு, வளர்ந்த விலங்குக்கு 1 பவுண்டு, குட்டிக்கு 10 ஷில்லிங் என்று 2,184 முறை பரிசுத்தொகை கொடுத்தது. சட்டப் பாதுகாப்பு வந்தபோது கடைசி விலங்குக்கு மிச்சமிருந்தது 59 நாள்.

அது எப்படி வேட்டையாடியது, தனியாகத் திரிந்ததா, இரையைத் துரத்தியதா, பதுங்கிப் பாய்ந்ததா என்று யாரும் முறையாகப் பார்த்து எழுதி வைக்கவில்லை. எஞ்சியிருப்பவை மண்டையோடுகள், தோல்கள், ஜாடிகளில் ஊறும் பைக்குட்டிகள், மிகச் சில மூளைகள். இவற்றில் இரண்டு மூளைகளை எமரி பல்கலைக்கழகத்தின் கிரிகரி பெர்ன்ஸும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கென் ஆஷ்வெல்லும் எம்.ஆர்.ஐ.யில் ஸ்கேன் செய்து, உள்ளே ஓடும் நரம்பிழைக் கற்றைகளான நார்ப்பாதைகளை மீட்டு வரைந்தார்கள். முடிவுகள் 2017 ஜனவரியில் வெளியாயின. ஒரு மூளை ஸ்மித்சோனியன் சேகரிப்பிலிருந்து வந்தது: வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் வாழ்ந்து 1905இல் இறந்த ஆண் தைலசினுடையது. மற்றது சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துடையது. ஒப்பிட்டுப் பார்க்க, தைலசினின் உறவுக்கார விலங்கான டாஸ்மேனியன் டெவிலின் மூளைகள் இரண்டு.

இறந்த விலங்கின் மூளையில் நார்ப்பாதை வரைவது அதற்கு முன்பே நடந்திருக்கிறது. பத்தாண்டுக்கு மேல் பதப்படுத்தி வைத்திருந்த டால்ஃபின் மூளைகளில் இதே பெர்ன்ஸ் குழு 2015இல் செய்து காட்டியது. நூறாண்டு என்பது வேறு கணக்கு. இந்த நிகழ்வில் எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படுவது படத்தின் அழகல்ல, அந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி. அதற்கு விலங்கின் வரலாற்றைவிட ஜாடியின் வரலாறே முதலில் தெரிய வேண்டும்.

ஜாடியை வாசிப்பது

ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலின் திசுவைக் கெட்டிப்படுத்தும் என்று ஃபெர்டினாண்ட் பிளும் 1893இல் வெளியிட்டார். அதற்கு முன் மூளைகள் போனது சாராயத்துக்கோ, பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த முல்லர் திரவத்துக்கோ. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூன்றும் கலந்தே புழங்கின. பழைய மாதிரி ஒன்று மேசைக்கு வந்தால் லேபிளில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. ஜாடியில் திரவம் ஆவியாகிக் குறையக் குறைய, அந்தந்தக் காலத்துக் காப்பாளர் கையில் இருந்ததை ஊற்றி நிரப்பியிருப்பார்.

முகர்ந்து பார்ப்பது வேண்டாம். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருள். புகைக்கூண்டுக்குள் வைத்து, கையுறையோடு, பிப்பெட்டில் கொஞ்சம் திரவம் எடுத்து அடர்த்திமானியில் பார்த்தால் போதும். 70 விழுக்காடு எத்தனாலின் அடர்த்தி 0.89ஐ ஒட்டி இருக்கும். ஃபார்மலின் கரைசல் 1.0ஐத் தாண்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் கலப்பு. கூடவே பி.எச். தாள். அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும் தாங்கல் உப்பு சேர்க்காத பழைய ஃபார்மலின் மெல்ல ஃபார்மிக் அமிலமாகி, மூளையோடு சேர்ந்த எலும்புத் துணுக்கையும் கரைக்கும், திசுவின் நிறத்தையும் மாற்றும்.

இந்தச் சோதனை ஏன் முக்கியம்? எம்.ஆர்.ஐ. பார்ப்பது நீரிலுள்ள ஹைட்ரஜனை. எத்தனாலிலும் ஹைட்ரஜன் உண்டு, ஆனால் அதன் அதிர்வெண் நீரினுடையதிலிருந்து சற்று விலகி நிற்கும். சாராயத்தில் ஊறிய மூளையை அப்படியே ஸ்கேனரில் வைத்தால், படத்தின் மேல் இன்னொரு மங்கிய படம் சில பிக்சல் தள்ளி விழும். பார்க்கிறவர் அதை மூளையின் மேலுறையான புறணியின் இன்னோர் அடுக்கு என்று நினைத்துவிடலாம். அதோடு, செறிந்த சாராயம் கொழுப்பைக் கரைக்கும். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை பெரும்பாலும் கொழுப்புதான். உறை போன பிறகும் இழைகளின் சவ்வும் புரதச் சட்டமும் நீரை ஒரே திசையில் ஓரளவு ஒழுங்குபடுத்தும் என்பதால் நார்த்திசை முழுதாக அழிந்துவிடாது. ஆனால் நரம்பணுக்கள் உள்ள சாம்பல்பொருளுக்கும் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளுக்கும் இடையே வழக்கமாகத் தெரியும் நிறவேறுபாட்டை அங்கே எதிர்பார்க்க முடியாது.

டைகுரோமேட் விஷயம் இன்னும் கடுமை. திசுவுக்குள் போன குரோமியம் மூவிணைதிற நிலைக்கு இறங்கும்போது பாராகாந்தத் தன்மை பெறுகிறது. சமிக்ஞை எடுக்கும் முன்பே அடங்கிவிடும். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம் ஏறிய மூளையை யாராவது கொண்டுவந்தால் ஸ்கேனர் நேரத்தை அதில் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடுத்தது சுருக்கம். ஃபார்மலினில் மூளை முதல் சில வாரங்கள் சற்று வீங்கும், பிறகு மெல்லச் சுருங்கும். சாராயத்தில் சுருக்கம் பலமடங்கு. இதில் ஏமாந்ததற்குக் கோலா நல்ல பாடம். கோலாவின் மூளை மண்டையறையில் சுமார் 60 விழுக்காட்டை மட்டுமே நிரப்புகிறது, மீதி முழுக்க நீர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தால் அடிபடாமலிருக்க அந்த நீர் உதவும் என்று விளக்கமும் சேர்ந்துகொண்டது. 2006இல் வெளியான, உயிருள்ள கோலாவை எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஆய்வு அந்தப் படத்தைத் திருத்தியது: மண்டையறையின் பெரும்பகுதியை மூளையே நிரப்பியிருந்தது. பதப்படுத்திய மூளையை அளந்து, அதை உயிருள்ள விலங்கின் அளவாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு வழி எளிது. அதே விலங்கின், கிடைக்காவிட்டால் அதே இனத்தின், மண்டையோட்டை சி.டி. எடுத்து உள்ளறையின் கன அளவைக் கணக்கிட வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் கிடைத்த மூளையின் கன அளவை அதனோடு ஒப்பிட்டால் சுருக்கம் தெரிந்துவிடும். கன அளவு 60 விழுக்காடாகச் சுருங்கியிருந்தால் நீளம் 84 விழுக்காடாகத்தான் குறைந்திருக்கும். படத்தில் 10 மி.மீ. என்று அளந்த புறணிப் பகுதி உண்மையில் ஏறக்குறைய 12 மி.மீ. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். பல ஆண்டு ஜாடியின் அடியில் படிந்து கிடந்த பக்கம் தட்டையாகியிருக்கும்.

நீர் நகராத மூளையில் நீரைத் தேடுவது

நார்ப்பாதை வரைவதற்கு அடிப்படை டிஃப்யூஷன் எனப்படும் விரவல். நீர் மூலக்கூறு நரம்பிழையின் நீளவாக்கில் எளிதாக நகரும், குறுக்கே நகரச் சிரமப்படும். பல திசைகளில் காந்தச் சரிவைச் செலுத்தி, எந்தத் திசையில் சமிக்ஞை அதிகம் விழுகிறது என்று பார்த்தால் இழை போகும் திசை புலப்படும்.

உயிருள்ள மூளையில் நீரின் விரவல் எண் நொடிக்கு 0.0007 முதல் 0.0008 சதுர மி.மீ. வரை. மருத்துவமனை ஸ்கேனில் வழக்கமான பி-மதிப்பு, அதாவது விரவலை ஸ்கேன் எவ்வளவு உணர்கிறது என்பதைக் குறிக்கும் எண், 1000. அந்த நிலையில் சமிக்ஞை பாதிக்கு மேல் விழும். அந்த வீழ்ச்சியைத்தான் அளக்கிறோம். ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே பிணைத்துப் போட்ட பிறகு விரவல் எண் அதில் பாதிக்கும் கீழே, பல மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். 0.00025 என்று வைத்துக்கொண்டால் பி 1000இல் சமிக்ஞை 22 விழுக்காடுதான் விழும். திசைக்குத் திசை உள்ள வேறுபாடு இரைச்சலில் கரைந்துபோகும். அதே அளவு வீழ்ச்சி வேண்டுமானால் பி-மதிப்பு 3000, 4000 என்று ஏற வேண்டும்.

ஏற்றினால் அடுத்த சிக்கல். வலுவான காந்தச் சரிவைச் செலுத்த நேரம் பிடிக்கும். சமிக்ஞையைப் படிக்கும் வரை காத்திருக்கும் எதிரொலி நேரம் நீளும். பதப்படுத்திய திசுவிலோ டி2, அதாவது சமிக்ஞை தானாக மங்கும் காலம், குறைந்திருக்கிறது. உயிருள்ள மூளையில் டி2 80 மில்லிநொடி என்றால், 90 மில்லிநொடி எதிரொலி நேரத்தில் சமிக்ஞையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். டி2 40 ஆக இறங்கிய திசுவில் அதே 90 மில்லிநொடிக்குப் பிறகு மிஞ்சுவது 10 விழுக்காடு. மருத்துவமனையில் ஓடும் வழக்கமான டிஃப்யூஷன் ஸ்கேனைப் பழைய மூளைமேல் ஓட்டினால் வெறும் புள்ளிப்புயல் வருவது இதனால்தான். இயந்திரத்தில் கோளாறு என்று பலர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த முட்டுச்சந்தைத் தாண்ட உதவியது டிஃப்யூஷன் ஸ்டெடி ஸ்டேட் முறை. இறந்த மனித மூளைக்காக ஜெனிஃபர் மெக்நாப், கார்லா மில்லர் குழுவினர் இதைச் செம்மைப்படுத்தி 2009இல் வெளியிட்டார்கள். டால்ஃபினுக்கும் தைலசினுக்கும் பயன்பட்டது இந்த வழிதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு காந்தச் சரிவுத் துடிப்பு. அடுத்த சுற்று சில பத்து மில்லிநொடிக்குள் வந்துவிடும். முந்தைய சுற்றுகளில் மிஞ்சிய சமிக்ஞை அழியாமல் அடுத்தடுத்த சுற்றுகளில் சேர்ந்துகொண்டே போகும். எதிரொலி நேரம் குறைவு, விரவலின் தாக்கமோ அதிகம். குட்டையான டி2 உள்ள திசுவுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற முறை.

இதற்கும் ஒரு விலை உண்டு. இந்த முறையில் பி-மதிப்பு என்று ஒற்றை எண் கிடையாது. விரவலின் தாக்கம் அந்தத் திசுவின் டி1 (காந்தநிலை பழையபடி மீளும் காலம்), டி2, ரேடியோத் துடிப்பின் கோணம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அதனால் டி1 வரைபடம், டி2 வரைபடம் இரண்டையும் அதே அமர்வில், அதே வெப்பநிலையில் தனியாக எடுத்தே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஓரத்தில் ஃபார்மலின் நன்றாக ஏறிய பகுதிக்கும் நடுவில் ஏறாத பகுதிக்கும் உள்ள வேறுபாடு, நார்களின் வேறுபாடு போல வந்து நிற்கும். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் கண்ணுக்கே தெரியாத தவறு இது.

ஸ்கேனருக்குள் வைப்பது

மாதிரியைக் காந்தத்துக்கு அருகே கொண்டுபோகும் முன் சாதாரண எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிட வேண்டும். பழைய மாதிரிகளில் குண்டூசி, லேபிளைக் கட்டிய கம்பி, மண்டையோட்டில் தங்கிய ஈயக்குண்டு என்று எதுவும் இருக்கலாம். ஈயம் காந்தத்தில் இழுபடாது. இரும்புக் கம்பி இழுபடும், மூளையையும் கிழிக்கும். இழுபடாத அளவு சிறிய துரு கூடத் தன்னைச் சுற்றிச் சில மி.மீ. பரப்பைக் கறுப்பாக்கிவிடும்.

அருங்காட்சியகம் அனுமதித்தால் மூளையைத் தாங்கல் உப்புக் கரைசலில் ஊறவைத்து ஃபார்மலினை வெளியேற்றலாம். நாளுக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, இந்த அளவு மூளைக்கு ஒன்றிரண்டு வாரம். டி2 கணிசமாக மீளும். சாராய மாதிரியானால் 70, 50, 30 விழுக்காடு என்று படிப்படியாக இறக்கி நீருக்கு வர வேண்டும். ஒரேயடியாக நீரில் போட்டால் ஓரம் வீங்கி வெடிப்பு விடும். ஈடு கிடைக்காத மாதிரிகளுக்கு இந்த அனுமதி பல நேரம் கிடைக்காது, கிடைக்காததில் நியாயமும் இருக்கிறது. அப்போது இருக்கிற திரவத்தோடு ஸ்கேன் செய்து, இழப்பை ஏற்றுக்கொண்டு, கூடுதல் நேரம் ஓட்டுவதே வழி.

ஸ்கேனுக்கு மூளையை ஹைட்ரஜன் இல்லாத ஃப்ளோரின் எண்ணெயில் மூழ்கவைப்பது நல்லது. ஃபாம்ப்ளின் பலரும் பயன்படுத்துவது. அதிலிருந்து சமிக்ஞை வராது, சுற்றிலும் கறுப்பு, மூளை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். நீரோடு கலக்காததால் வேலை முடிந்ததும் வடித்துவிடலாம். முதல்முறை செய்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: அதன் அடர்த்தி நீரைப் போல 1.8 மடங்குக்கு மேல். மூளை கார்க்கு போல மேலே மிதந்து வந்து மூடியில் முட்டி நிற்கும். பிளாஸ்டிக் வலையோ, துளையிட்ட தட்டோ வைத்து மேலிருந்து மெதுவாக அழுத்தித் தாங்க வேண்டும். பஞ்சுத் துணி வைத்து அடைத்தால் அதன் இழைகளுக்குள் காற்று சிக்கும்.

காற்றுக்குமிழிதான் இந்த வேலையின் பெரிய எதிரி. மூளையறைகளிலும் புறணி மடிப்புகளிலும் ஒளிந்திருக்கும் சிறு குமிழி ஒவ்வொன்றும் படத்தில் தன்னைவிடப் பெரிய கருங்குழியாகத் தெரியும். பக்கத்து நார்களின் திசையையும் வளைத்துக் காட்டும். வெற்றிடக் கலனில் வைத்து மெல்லிய வெற்றிடத்தில் இரவு முழுக்க விட்டு, இடையிடையே கலனைச் சாய்த்துத் தட்டிக்கொடுத்தால் பெரும்பாலும் வெளியேறும். வெற்றிடத்தை ஒரேயடியாகக் கூட்டினால் நீர் கொதித்துப் புதுக் குமிழி உண்டாகும்.

இன்னொரு சிறிய வேலை. வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றைக் கலனின் வெளியே, மூளையின் வலப்பக்கத்தில் நாடாவால் ஒட்ட வேண்டும். எண்ணெய் என்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார் என்று ஸ்கேனர் எடுத்துக்கொள்ளும். மூளையோ எந்தப் பக்கமாகவும் கிடக்கலாம். மாத்திரை இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துத் தரவைத் திறக்கும்போது இடமெது வலமெது என்று உறுதி சொல்ல ஆளிருக்காது.

சமிக்ஞையைப் பிடிக்கும் காயில் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது: முழங்கால் காயில், மணிக்கட்டுக் காயில், எது மாதிரியை நெருக்கமாகப் பிடிக்கிறதோ அது. படத்தின் முப்பரிமாணப் புள்ளியான வோக்சலின் அளவில் பேராசை வேண்டாம். 1 மி.மீ. வோக்சலை 0.5 மி.மீ. ஆக்கினால் கன அளவு எட்டில் ஒன்றாகும். அதே தெளிவுக்கு 64 மடங்கு நேரம் தேவை. இறந்த மூளை அசையாது, மூச்சு விடாது என்பது பெரிய வசதி, இரவு முழுக்க ஓட்டலாம். ஆனால் சூடேறும். விரவல் எண் ஒரு டிகிரிக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் கூடும். குளிரறையிலிருந்து எடுத்த மாதிரியை அறை வெப்பத்துக்கு வரும்வரை வைத்திருந்து, பிறகும் ஒரு மணி நேரம் வெறும் ஸ்கேன் ஓட்டிவிட்டு, அதன்பின் வருவதை மட்டும் தரவாக எடுக்க வேண்டும்.

பாதைகளை வரைதலும் கிடைத்த முடிவும்

பைப்பாலூட்டி மூளையைப் பார்க்கப் பழகாதவர் முதலில் தேடுவது கார்பஸ் கலோசத்தை. அது இருக்காது. நம்முடையது போன்ற மூளையில் இரு அரைக்கோளங்களை இணைக்கும் அந்தத் தடித்த பட்டை பைப்பாலூட்டிகளுக்குக் கிடையாது. புறணியின் இரு பக்கமும் பேசிக்கொள்வது முன் இணைப்பு வழியாக, அதனால் அது மிகப் பருத்திருக்கும். கங்காரு, கோலா, வொம்பட் வகையில் அந்த இணைப்புக்குக் குறுக்குவழியாக ஃபாசிக்குலஸ் அபெரன்ஸ் என்ற தனிக்கற்றையும் உண்டு. தைலசின், டெவில் வகையில் அது இல்லை. இது உடற்கூற்று ஆர்வத்துக்கு மட்டும் சொல்வதல்ல. வரைந்த பாதைகளைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது. கணினி வரைந்த படத்தில் முன் இணைப்பு இரு பக்கமும் விசிறியாக விரிந்து புறணிக்குப் போனால் தரவு சரி. கலோசம் இருக்க வேண்டிய இடத்தில் பாதை ஒன்று தாண்டினால் காந்தச் சரிவின் திசைப் பட்டியலில் ஏதோ ஓர் அச்சு தலைகீழாகியிருக்கிறது, அல்லது ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் இரு அரைக்கோளங்களின் இடைவெளியைக் கணினி காணவில்லை.

பெர்ன்ஸும் ஆஷ்வெல்லும் எடுத்துக்கொண்ட கேள்வி, மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத்திரள்களும், புறணிக்குச் செய்தி கடத்தும் தலாமஸின் முக்கிய உட்கருக்களும் புறணியின் எந்தெந்தப் பகுதியோடு இணைகின்றன என்பது. காடேட், புட்டமென் போன்ற திரள்களை அடையாளம் கண்டு, அவற்றுக்கும் புறணிக்கும் இடையே எந்தப் பாதை எவ்வளவு வலுவாகக் கிடைக்கிறது என்று கணக்கிட்டு, புறணியைப் பிரித்து வண்ணமிட்டார்கள். டெவிலில் புறணியின் பெரும்பகுதி புட்டமெனின் பிடியில் இருந்தது. தைலசினில் பகுதிகள் இன்னும் தெளிவாகத் தனித்தனியே பிரிந்திருந்தன. தலாமஸிலிருந்து போகும் பாதைகளும் தைலசினில் கூடுதல் ஒழுங்கோடு அமைந்திருந்தன.

பெரிய மூளைகள் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து வேலை செய்யும் என்ற கருத்தோடு இது ஒத்துப்போகிறது என்றார்கள் ஆசிரியர்கள். செயல்பாட்டு நோக்கில், திட்டமிடுவதற்கும் முடிவெடுப்பதற்குமான புறணி தைலசினுக்கு ஒப்பளவில் அதிகம் இருந்திருக்கலாம், வேட்டையாடி வாழ்ந்த விலங்குக்கு அது பொருந்தும், செத்த விலங்கைத் தின்று வாழும் டெவிலுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது அவர்களின் ஊகம்.

எவ்வளவு நம்பலாம்

நூறாண்டு பழைய மூளையிலும் நார்ப்பாதை மீட்க முடியும் என்ற முதல் முடிவை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். அதுவே பெரிய சாதனை. உலகெங்கும் அருங்காட்சியக அடுக்குகளில் உறங்கும் ஜாடிகளுக்கு அது புதுப் பொருள் கொடுத்திருக்கிறது.

இரண்டாம் முடிவில் கவனம் தேவை. ஒப்பிட்டது இரண்டோடு இரண்டு. தைலசின் மூளைகள் நூறாண்டு ஊறியவை, டெவில் மூளைகள் அண்மையில் இறந்த விலங்குகளுடையவை. பதப்படுத்தலின் வேறுபாடும் இனத்தின் வேறுபாடும் ஒரே கோட்டில் நிற்கின்றன. பழைய திசுவால் பாதைகள் தேய்ந்திருந்தால் தைலசின் படம்தான் குழம்பியிருக்க வேண்டும், அது கூடுதல் ஒழுங்காக வந்திருக்கிறது என்பது ஆசிரியர்களுக்குச் சாதகமான வாதம். ஆனால் நீளமான பாதைகள் முதலில் மறைந்து குட்டைப் பாதைகள் மட்டும் மிஞ்சினாலும் படம் ஒழுங்காகப் பிரிந்தது போலத் தோன்றலாம். தூரம் கூடக்கூடப் பாதை கிடைக்கும் வாய்ப்பு குறைவது இந்தக் கணக்கு முறையின் பிறவிக் குறை.

அதைவிடப் பெரிய சிக்கல், மூளையின் அளவும் வாழ்க்கை முறையும் சேர்ந்தே மாறுவது. தைலசின் டெவிலைவிடப் பெரிய விலங்கு. 2020இல் வெளியான மறுகணிப்பு அதன் சராசரி எடையை 16.7 கிலோ என்கிறது. பெரிய மூளை என்பதால் பகுதிகள் பிரிந்தனவா, வேட்டை வாழ்வால் பிரிந்தனவா? இரண்டு இனத்தை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல இயலாது. குவோல் என்ற சிறிய ஊனுண்ணிப் பைப்பாலூட்டியின் மூளையைச் சேர்த்தால் வழி பிறக்கும். அதே குடும்பக் கிளை, டெவிலைவிடச் சிறிய மூளை, ஆனால் தேர்ந்த வேட்டைக்காரன். அதன் புறணி தைலசின் போலப் பிரிந்திருந்தால் வேட்டை விளக்கம் வலுக்கும். டெவில் போலவோ அதற்கும் கீழாகவோ இருந்தால் அளவு விளக்கமே மிஞ்சும்.

எம்.ஆர்.ஐ. காட்டுவது நீரின் திசையை, நரம்பணுவை அல்ல. அதற்குச் சாட்சி நுண்ணோக்கியில்தான் கிடைக்கும். பெர்லினில் 1880இல் இறந்த ஒரு தைலசினின் மூளையைச் சீவிச் சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளை ஆராய்ந்த கட்டுரை 2023இல் வந்தது. மண்டையோடு நாயை ஒத்திருந்தாலும், புறணியின் அணு அடுக்குகள் தைலசினின் பைப்பாலூட்டி உறவினரைத்தான் ஒத்திருந்தன. ஸ்கேனும் சீவலும் சேர்ந்து பேசும்போதுதான் பிடிப்பு வருகிறது.

இன்று மேசைக்கு வரும் தலைகள்

டெவில்களில் முகக்கட்டி நோய் 1996இல் முதலில் கண்டறியப்பட்டது. நோயில் நலிந்து, கருணைக்கொலை செய்யப்படும் விலங்குகள் கால்நடை மருத்துவரின் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சாலையில் அடிபட்டவை வேறு. அந்தத் தலைகளைச் சரியாக எடுத்து வைத்தால், தைலசினுக்கு நேர்ந்த குறை இவற்றுக்கு நேராது.

முடிந்தால் மண்டையோட்டோடு முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். டெவிலின் தாடைத் தசை மிகத் தடிப்பு, உச்சியில் எலும்பு முகடும் உண்டு; தசையைச் சுரண்டி எடுத்த பிறகு, பின்பக்கம் தண்டுவடம் வெளியேறும் பெருந்துளையின் மேல்விளிம்பிலிருந்து எலும்பு வெட்டியால் சிறுசிறு துண்டாக முன்னோக்கி வர வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு இடத்தில் மூளை உடையும். ஒன்று முன்னே: முகர்குமிழ்கள் தனிக் குழியில் ஆழ உட்கார்ந்திருக்கும். மூளையைப் பின்னாலிருந்து தூக்கியதும் அவை காம்போடு ஒடிந்து குழிக்குள்ளேயே நின்றுவிடும். கூரான கரண்டியால் முதலில் அவற்றை விடுவித்த பிறகே தூக்க வேண்டும். மற்றொன்று பக்கவாட்டில்: சிறுமூளையின் பாராஃபிளாக்குலஸ் என்ற சிறு கதுப்பு, காதெலும்பின் குழிக்குள் முளைபோல் நுழைந்திருக்கும். எலும்பைச் சுற்றிலும் உடைத்து எடுக்காமல் இழுத்தால் அது அறுந்து வரும். சேகரிப்புகளில் உள்ள பல பைப்பாலூட்டி மூளைகளில் இந்த இரண்டும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

தாங்கல் உப்பு சேர்த்த 10 விழுக்காடு ஃபார்மலின், மூளையின் கன அளவைப் போல 10 முதல் 20 மடங்கு. முதல் மணி நேரத்தில் அது சுமார் 1 மி.மீ. உள்ளே போகும், பிறகு வேகம் குறையும். ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் 10 மி.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 100 மணி நேரம், அதாவது நான்கு நாளுக்கு மேல். அதுவரை நடுமூளை தன் நொதிகளாலேயே கரைந்துகொண்டிருக்கும். உடல் புதிதாக இருந்தால் இதயம் வழியாக உப்புக் கரைசலும் பிறகு ஃபார்மலினும் செலுத்துவது மிகச் சிறந்தது. முடியாவிட்டால் மூளையைக் குளிரூட்டிய ஃபார்மலினில் போட்டு, முதல் வாரத்தில் இரண்டு முறை திரவத்தை மாற்ற வேண்டும். அடியில் துணிப்படுக்கை வைக்காமல், அடித்தமனியில் நூல் கட்டித் தொங்கவிட்டால் தட்டையாகாது. உறையவைப்பது கூடவே கூடாது. பனிப்படிகம் கிழித்த வெண்பொருளில் எந்த ஸ்கேனரும் பாதை காணாது.

ஜாடிக்குள் பென்சிலால் எழுதிய பருத்திக் காகிதம் ஒன்று: இனம், பாலினம், எடை, இறந்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம், என்ன செறிவு. வெளியே இன்னொன்று, அதில் திரவம் சேர்த்த ஒவ்வொரு முறையும் தேதியும், எது சேர்த்தோம் என்பதும்.